எருமப்பட்டிக்குக் கட்டிய சோறு

எங்கள் வீட்டில் அரிசிச் சோறு என்றால் அது பொங்கல், தீபாவளி போன்ற நோம்பிக்குத்தான். மற்ற நாளெல்லாம் கம்பு, ராகி. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நோம்பி எதுவும் இல்லாத ஒரு சித்திரை மாத விடியலில், அரிசி வேகும் வாசனையில் விழித்தேன். வேறு சமயமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்றைக்குத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஏனென்றால் ஊரில் அப்போது வாந்திபேதி.

மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது எங்கள் ஊர். கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து ஊர்க்கிணற்றில் சிவப்பு மருந்தைக் கரைத்துவிட்டு, இந்த நோய் வாய் வழியாகத்தான் உள்ளே போகும், சோற்றிலும் தண்ணீரிலும் ஒளிந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர்கள் அதைக் கேட்டுத் தண்ணீரைக் காய்ச்சினார்கள். நான் அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். சோறு தின்றால் செத்துப்போவோம் என்பதுதான் எனக்கு விளங்கியது. தட்டத்தில் போட்டதைக் கோழிக்குப் போட்டுவிட்டு, கோழி சாகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கோழி கொழுத்தது. நான் இளைத்தேன்.

சமையற்கட்டில் அம்மாவைக் காணோம். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மா வாசலுக்கு அந்தப் பக்கம், மாட்டுக்கொட்டகை வாயிலில் நின்றுகொண்டிருந்தாள். நின்ற இடத்திலிருந்தே சத்தம் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"தயிரு கலக்காதீங்க, வெய்யிலுக்குப் புளிச்சுப் போயிரும். புளிசோறே கட்டுங்க."

"தொட்டுக்க ரெண்டு கருவாடு சுட்டுப் போடட்டுமா?" என்று அத்தை கேட்டாள்.

"வேண்டாங்க, தண்ணி தவிக்கும். உப்பையும் கொறச்சே போடுங்க. வழியில எவனும் ஒரு மடக்குத் தண்ணி ஊத்த மாட்டான்."

அப்போதுதான் எங்கோ போகப் போகிறோம் என்று தெரிந்தது. நாமக்கல்லுக்குக் கிழக்கே எருமப்பட்டியில் என் மாமன் வீடு. நானும் அத்தையும் அங்கே நடந்து போகவேண்டும். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் எந்த வண்டிக்காரனும் மாட்டைப் பூட்ட மாட்டான். வழியில் இருக்கிற ஊர்க்காரர்கள் முள் வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்திருந்தார்கள். கிணற்றிலும் ஆற்றிலும் கை வைக்கக்கூடாது. ஆகவே இரண்டு நாளைக்கு வேண்டிய சோறும் தண்ணீரும் எங்கள் தலையில்தான் வரவேண்டும்.

எண்ணெயில் சுட்ட கச்சாயம் கொஞ்சம் இருந்தது. அத்தை அதை எடுத்து எனக்குக் காட்டினாள். அம்மா அதையும் வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். வறுத்த கம்பு மாவு, கொஞ்சம் வெல்லம், பனையோலைப் பெட்டி நிறையப் புளிசோறு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு சுரைக்குடுக்கையில். இவ்வளவுதான் அவள் அனுமதித்தது. காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க அத்தை சோற்றின்மேல் ஒரு கொத்து வேப்பிலை வைத்தாள். கொட்டகையிலிருந்து அம்மா கத்தினாள்.

"அதை எடுங்க! வேப்பெலையப் பார்த்தா நோவு கண்ட ஊருன்னு தெரிஞ்சு போயிரும்."

அம்மா இத்தனைக்கும் ஒரு அடிகூட வாசலைத் தாண்டி வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது. மூன்று வயதுத் தம்பியும் அந்தக் கொட்டகைக்குள்தான் இருந்தான். அவன் ஏன் வரவில்லை என்றேன். தூங்குகிறான் என்றாள் அத்தை. அவனை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டு என்னை உப்பில்லாத சோற்றோடு விரட்டுகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததும் அம்மாவை நோக்கி ஓடினேன்.

"கிட்ட வராதடி!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் நிற்கவில்லை. அம்மா குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து என்மேல் எறிந்தாள். அது என் காலடியில் விழுந்து உடைந்தது. அடுத்ததை எடுத்துக் கையை ஓங்கினாள். அப்பா வந்து என்னை அள்ளிக் கொண்டுபோய், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் இறக்கிவிட்டார். திரும்பிப் பார்க்காமல் நடங்கள் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கொட்டகைக்குள் போய்விட்டிருந்தாள்.

வெயில் ஏறஏற நடந்தோம். அத்தை குடுக்கையைச் சாய்த்து ஒரு மடக்குக் கொடுப்பாள். நான் அதை வாயில் வைத்திருந்து அவள் பார்க்காதபோது துப்பிவிடுவேன். சோறு வேண்டவே வேண்டாம் என்றேன். கால் தள்ளாடியது.

உச்சிவேளையில் ஒரு ஊரெல்லையில் வேலாமுள்ளை மலைபோல் குவித்திருந்தார்கள். தடியோடு நாலைந்து ஆட்கள் வேப்பமரத்தடியில் இருந்து எழுந்து வந்தார்கள்.

"எந்த ஊரும்மா?"

அத்தை திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஏதோ ஒரு ஊரைச் சொன்னாள். மீசை நரைத்த ஒருவர் என்னையே பார்த்தார்.

"புள்ள என்ன இப்புடித் துவண்டு கெடக்குது?"

"நடந்த களைப்புங்க."

"களைப்புன்னா உண்ணுட்டும். மூட்டைய அவுத்து இங்கயே உண்ணுங்க, பார்க்கலாம். உண்டது உள்ள நின்னா உடறோம்."

நோய்க்காரர் வயிற்றில் சோறு நிற்காது. அதுதான் அவர்களுடைய சோதனை. அத்தை பெட்டியைத் திறந்து ஒரு கவளம் உண்டாள். பிறகு ஒன்று உருட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உண்ணு சாமி. என்ற சாமியல்ல, உண்ணு" என்றாள். பிறகு காதோடு, "வெளிய வந்துருச்சுன்னா நம்மளக் கொன்னு போடுவாங்க" என்றாள்.

உண்டால் சாவு, கக்கினால் தடி. நான் வாயைத் திறந்தேன். புளிப்பு மட்டும் நாக்கில் ஏறியது. விழுங்கினேன். பல நாளாக ஒன்றும் காணாத வயிறு அதை மேலே தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மறுபடி விழுங்கினேன். இன்னொரு கவளம் என்றார் நரைத்த மீசை. அதையும் விழுங்கினேன். எங்களை வெயிலிலேயே உட்காரவைத்துவிட்டு அவர்கள் நிழலில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என் முதுகில் கை வைத்திருந்தாள். தொண்டை வரைக்கும் வருவதும் நான் அதை உள்ளே அனுப்புவதுமாக எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது.

கடைசியில் அந்த ஆள் தடியால் காட்டினார். "ஊருக்குள்ள வராம, அந்த வரப்போட சுத்திப் போயிருங்க. பாவம் புள்ள, வெசயா நடையக் கட்டி ஊரு போய்ச் சேருங்க."

அன்று முழுக்க, மறுநாளும், எப்போது சாவேன் என்று காத்துக்கொண்டே நடந்தேன். சாகவில்லை. பசிதான் எடுத்தது. எருமப்பட்டி போய்ச் சேரும்போது பெட்டியில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாள் இரவே தம்பிக்கு நோய் கண்டிருந்தது. அவனை அள்ளிக்கொண்டு அம்மா கொட்டகைக்குப் போனவள், அதற்குப் பிறகு எங்கள் சோற்றையோ என்னையோ தொடத் துணியவில்லை. நாங்கள் புறப்பட்ட அன்று பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான். அடுத்து அம்மாவுக்கும் கண்டு, அவள் பிழைத்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி.

மழை பெய்து நோய் அடங்கியபின் அப்பாவும் அம்மாவும் வண்டி கட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப்போக வந்தார்கள். அம்மா பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கக்கூட முடியாமல் கையை மட்டும் நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடிக்காமல், வண்டிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"தம்பி எங்க?"

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவியபடி, "நம்ம காட்டு வரப்போரத்துலதான் இருக்கான் சாமி" என்றார்.

அவன் மட்டும் காட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஒரு தடவையாவது அவனை விட்டுவிட்டு வந்தார்களே என்று ஆறுதலாகவும் இருந்தது. வண்டியில் ஏறி அம்மாவின் மடியில் படுத்தேன். முழு மடியும் எனக்கே கிடைத்தது. அம்மா என் தலையை விடாமல் தடவிக்கொண்டே வந்தாள். ஊர் போனதும் தம்பியோடு போடவேண்டிய சண்டையை நான் வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டே வந்தேன்.