மூக்கால் குடித்த இங்கிலாந்து வைன்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மொன்றியலுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கியவன், இன்று மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு முதலாளி. மூன்றும் என் நாக்கை நம்பித்தான் ஓடுகின்றன. இதை நான் எங்கும் சொல்லுவேன்.

அப்படிப்பட்ட என்னிடம் மகள் வந்து சொன்னாள்: ஆய்வுகூட வேலையை விடப் போகிறாளாம், விரும்பிய வெள்ளைக்காரப் பொடியனைக் கலியாணம் செய்து, இங்கிலாந்தில் அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யப் போகிறாளாம். தோட்ட வேலைக்கா இவளைப் படிப்பித்தேன்? அந்த மழை நாட்டில் திராட்சை விளையுமா? மாதக்கணக்காக நான் சம்மதிக்கவில்லை.

போன கோடையில் பொடியனின் தகப்பன் இங்கிலாந்திலிருந்து, மொன்றியல் ரொக்ஸ்பரோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரே ஒரு போத்தல், நுரைக்கிற வைன்.

“அப்பா, இது முழுக்க அவையின்ரை தோட்டத்துப் பழம். வேற இடத்துப் பழம் ஒண்டும் கலக்கேல்லை,” என்றாள் மகள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, பழுதில்லையே என்று தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு அதே கிளாஸை என்னிடம் நீட்டினார்.

எச்சில்! மறுத்தால் வந்த மனிதர் முகம் கறுக்கும். எனக்கா வழி தெரியாது? செம்பில் தண்ணீர் குடிப்பதுபோல் அண்ணாந்து, உதடு படாமல் வாய்க்குள் ஊற்றினேன். நுரை மூக்கால் வந்தது. மேசைவிரிப்பெல்லாம் வைன்.

“எச்சில் பாத்த மனுசன் இப்ப மூக்கால குடிக்குது,” என்றாள் மனைவி.

மகள் அவருக்கு விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, வேறு கிளாஸ் வாங்கி, எனக்கென்று புதிதாக ஊற்றினார்.

இந்த முறை வாய் வைத்துக் குடித்தேன். முதலில் பச்சை ஆப்பிளின் புளிப்பு. அதற்கு அடியில், பாண் சுடப் புளித்துப் பொங்கிய மாவின் மணம். விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. பொய் சொல்லக் கூடாது, நல்ல சாமான்.

“அங்க உனக்கு என்ன வேலை தருவினம்?”

“முதல்ல திராட்சைக் கொடியளின்ரை கொப்பு வெட்டுறது, அப்பா. குளிருக்குள்ள நிண்டு. பேந்து மற்றதெல்லாம் பழகுவன்.”

கீழேயிருந்து தொடங்குகிறாள். என் மகள் அல்லவா!

“போ. ஆனா கலியாணம் மொன்றியலில. சாப்பாடு என்ரை கடையளில இருந்து. வைன் சம்பந்தி கொண்டு வரட்டும்.”

“அப்ப ஓம் எண்டுறியளோ, அப்பா?”

“ஓம். ஆளுக்கொரு கிளாஸ் எண்டு மட்டும் அவருக்கு இப்பவே சொல்லிப்போடு.”