மாலை போடாத வேஷக்காரன்

இதைப் படித்துவிட்டு, “வெயிலில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் தெரியும்” என்று எனக்கு வைத்தியம் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். என் மாமனாரில் தொடங்கி ஆபீஸ் பியூன் வரை எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். என் பெயர் இந்துமதி. கால்நடை மருத்துவர். செத்த கோழியை அறுத்து, அது எந்த வைரஸால் செத்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது நடந்தது. பட்டப்பகலில், உச்சி வெயிலில், என் கண் முன்னால் நடந்தது. என்னோடு வேலை பார்த்த சுடலைக்கண்ணன் அன்றைக்கு உயிர் பிழைத்தானா இல்லையா என்பதுதான் விஷயம். மற்றதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

சாத்தான்குளத்திலிருந்து குலசேகரன்பட்டினம் போகிற வழியில், தேரி என்று நாங்கள் சொல்கிற செம்மணல் மேட்டுக்குள்ளே, மூடிக்கிடந்த ஒரு பிராய்லர் பண்ணையை எங்கள் ஆராய்ச்சிக்காக வாடகைக்கு எடுத்திருந்தோம். நாட்டுக்கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சலுக்குப் புதுத் தடுப்பு மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பொல்லாத வைரஸ் அது. வந்தால் ஒரு தெருவில் ஒரு கோழி மிஞ்சாது. மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்து, வாரா வாரம் சில கோழிகளைக் கொன்று, மண்ணீரலையும் குடலையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு கோழியே இருக்கக் கூடாது என்பதால்தான் அந்தப் பொட்டல் காடு. பண்ணை முதலாளி சொரிமுத்து அண்ணாச்சி கேட்ட உடனே சாவியைக் கொடுத்துவிட்டார். ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். நஷ்டம் என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டார். உள்ளே மட்டும் வரவே மாட்டார். கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே பேசிவிட்டுப் போவார்.

கோழியைக் கொல்கிற வேலை சுடலைக்கண்ணனுடையது. எங்கள் உதவியாளன். கத்தி வைத்தால் ரத்தம் எல்லாவற்றிலும் கலந்து சோதனை கெட்டுப்போகும். அதனால் கழுத்தைத் திருக வேண்டும். இடது கையில் காலைப் பிடித்து, வலது கையால் தலைக்குப் பின்னால் பிடித்து, ஒரு இழு, ஒரு திருகு. டக். கழுத்து முறிந்த பிறகும் கோழி கொஞ்ச நேரம் துடிக்கும். அது அடங்கும்வரை பிடித்திருந்து, அடங்கியதும் தரையில் வரிசையாகப் படுக்க வைப்பான். கோழிக்கு வலி தெரிவதற்குள் முடித்துவிடுகிற கை அவனுடையது.

ஆனால் அது தசரா சமயம். எங்கள் பக்கத்துத் தசராவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, விரதம் இருந்து, ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள். காளி, ராஜா, போலீஸ், கரடி, குறத்தி... கணக்கே கிடையாது. அந்த நாட்களில் ரத்தம் வடிகிற நாக்கோடு ஒருவன் வாசலில் வந்து நின்றால், நாங்கள் சில்லறை தேடுவோமே தவிர பயப்பட மாட்டோம். கைப்பிள்ளைகூட அழாது.

சுடலைக்கண்ணன் காளி வேஷத்துக்கு மாலை போட்டிருந்தான். மூன்று வயது மகளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். அது நிற்க வேண்டும் என்று நேர்ச்சை. அன்று காலையில் வந்து நின்றான்.

“மாலை போட்டிருக்கேன் மேடம். ஒரு எறும்பக்கூட நசுக்க மாட்டேன். நீங்க ஏசினாலும் சரி.”

ஏசினேன். இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருந்தால் வேறு ஆள் பார்த்திருப்பேனே என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே தீவனம் அள்ளப் போய்விட்டான். அவனிடம் கோபத்தை வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. தகப்பன் பிள்ளைக்காகச் செய்கிறான், என்ன சொல்ல?

ஆக, நானே இறங்கினேன். எனக்கு அறுக்க வரும், திருக வராது. முதல் கோழி என் முழங்கையைக் கீறிக் கிழித்துவிட்டது. இரண்டாவது கோழியின் கழுத்து பாதி திரும்பி நின்றது. அது கத்திய கத்தலில் எனக்கே அழுகை வந்தது. எப்படியோ முடித்தேன். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது வேர்வையில் கண் எரிந்தது. மணி பன்னிரண்டு.

தூரத்தில் ரோட்டில் ஒரு தசரா செட்டின், வேஷக்காரர் கூட்டத்தின், மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

சர்... சர்... சர்...

பிளாஸ்டிக் உரசுகிற சத்தம். நிமிர்ந்தேன். ஷெட் வாசலில் ஒருவன் நின்றான். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோமே, தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடை, அது. கையுறை. ரப்பர் பூட்ஸ். முகமூடி. பெரிய கண்ணாடி. நெஞ்சிலும் கையிலும் கருத்துப்போன ரத்தக் கறை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் இத்தனை வேஷம் இருக்க, இவன் எங்கள் வேஷத்தையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறானே! சாயம்கூட அச்சு அசலாகப் பூசியிருக்கிறான் என்று நினைத்தேன். பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினேன்.

வாங்கவில்லை.

கையை நீட்டினான். நாணயத்துக்கு அல்ல. என் கையிலிருந்த கோழிக்கு.

உதவி செய்கிறான் போலிருக்கிறது என்று கொடுத்தேன். டக். சுடலைக்கண்ணனைவிடச் சுத்தமான வேலை. கோழி துடித்து அடங்கும்வரை பிடித்திருந்தான். அடங்கியதும் படுக்க வைத்தான். அடுத்ததையும் கொடுத்தேன். அதற்கடுத்ததையும். பிழைத்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. கிட்டே வந்தபோது ஒரு வாடை. புதிதாக வெள்ளையடித்த வீட்டில் அடிக்குமே, அந்தச் சுண்ணாம்பு வாடை.

“போதும் அண்ணாச்சி. வேண்டியது ஆச்சு” என்றேன்.

அவன் ஷெட்டுக்குள் நடந்தான்.

உள்ளே மிச்சக் கோழிகள் எல்லாம் இருந்தன. ஒரு வருஷ உழைப்பு. அந்நிய ஆள் நுழைந்தால் இரைச்சல் போட்டுக் கூரையைப் பிய்க்கிற கோழிகள்.

ஒன்றுகூடக் கத்தவில்லை.

டக். டக். டக்...

மூலையில் தீவனம் அள்ளிக்கொண்டிருந்த சுடலைக்கண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் வெளிறியது.

“மேடம்... இவன் கழுத்துல மாலையக் காணோம்.”

மாலை போடாமல் எவனும் வேஷம் கட்ட மாட்டான். மாலை போட்டவன் எவனும் கோழியின் கழுத்தைத் திருக மாட்டான். இந்த மண்ணில் பிறந்த எனக்கு இது தெரியாதா? வேஷம் என்றதும் புத்தி அதோடு நின்றுவிட்டது.

சுடலைக்கண்ணன் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

அவன் திரும்பினான்.

இடது கை சுடலைக்கண்ணனின் இடுப்பு வேட்டியைப் பிடித்தது. வலது கை பிடரிக்குப் போனது. கோழியைத் தூக்குகிற மாதிரியே தூக்கினான். கால் தரையில் இல்லை.

இழுத்தான்.

சுடலைக்கண்ணன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. காலை உதைத்தான். வெள்ளை உடைக்காரனின் முகமூடியைப் பிறாண்டினான். மாலை அறுந்து மணிகள் சிதறின. நான் கதவின் இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு ஓடினேன். முதுகில் அடித்தேன். மண்டையில் அடித்தேன். மூட்டையை அடிக்கிற மாதிரி பொத், பொத் என்றது. வெள்ளைத் தூசி பறந்தது.

முகத்தில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி நொறுங்கியது.

உள்ளே கண் இல்லை.

சுண்ணாம்பு. கெட்டியாக அடைத்த சுண்ணாம்பு.

கழுத்து திரும்ப ஆரம்பித்தது. நெற நெற என்று ஒரு சத்தம். சுடலைக்கண்ணனின் வாயிலிருந்து ரத்தம். கண்கள் பிதுங்கின. கை இரண்டும் கோழிச் சிறகு மாதிரியே அடித்துக்கொண்டன...

அடித்துக்கொண்டன.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடங்கினால் கீழே வைத்துவிடுகிறான். துடித்தால் விடமாட்டேன் என்கிறான்.

“சுடலை! அசையாத! செத்த மாதிரி கிட!”

அவன் கைகள் தொங்கின.

கால் தொங்கியது.

அந்த வெள்ளை உருவம் நின்றது. காத்திருந்தது.

காத்திருந்தது...

பிறகு அவனை இறக்கியது. கோழிகளின் வரிசைக் கடைசியில் படுக்க வைத்தது. காலை நேராக்கியது.

என் பக்கம் திரும்பியது.

சர்... சர்...

எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நான் மூச்சை அடக்கினேன். முழங்கையில் ரத்தம் வழிந்து சொட்டியது. ஈ வந்து உட்கார்ந்தது. முத்தாரம்மா, என்னைப் பெற்ற தாயே...

என் கால் நடுங்கத் தொடங்கியது.

அது குனிந்தது.

வரிசையில் கிடந்த ஒரு கோழியின் கால் திடீரென்று துடித்தது. அந்த உருவம் அங்கே திரும்பிப் போனது.

டக்.

ரோட்டில் மேளம் மறுபடி கேட்டது. அந்தச் சத்தத்தில் இறுக மூடிய கண்ணை நான் திறந்தபோது ஷெட்டில் அது இல்லை. ஒரு கோழிகூட உயிரோடு இல்லை.

சுடலைக்கண்ணனுக்கு மூச்சு இருந்தது. அவன் தலையை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டு, மேளக்காரர்களைக் கூவி அழைத்து, அவர்கள் வேனிலேயே திருச்செந்தூர் போய், அங்கிருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். காளியும் கரடியும் அனுமாரும் வேஷத்தோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார்கள். கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது, இன்னும் ஒரு நூல் திரும்பியிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். பிழைத்தான். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றியது என்றாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பேச்சு வந்ததும் சுடலைக்கண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல மேடம். அவன்தான் சொன்னான். காதுக்குள்ள. ‘அசையாதீங்க அண்ணே, அசைஞ்சா விடமாட்டாங்க’ன்னு.”

போலீஸ் முதலில் தசரா செட் ஆட்களைத்தான் பிடித்து விசாரித்தது. ஆனால் ஷெட்டின் பின்னால் செம்மண்ணில் வெள்ளைக் கால்தடம் இருந்தது. முள்ளடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் போய் நின்றுவிட்டது. தோண்ட வேண்டும் என்றதும் சொரிமுத்து அண்ணாச்சி இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பண்ணையில் கொள்ளைநோய் வந்திருக்கிறது. வெளியே தெரிந்தால் வெளியூரில் இருக்கும் தன் மற்றப் பண்ணைகளின் வியாபாரமும் போய்விடும் என்று, கூலிக்கு ஆள் பிடித்து, வெள்ளை உடை மாட்டிவிட்டு, ஒரே பகலில் அத்தனையையும் கொன்று புதைக்கச் சொல்லியிருக்கிறார். கை ஓய்ந்ததும் மிச்சத்தை உயிரோடே குழியில் தள்ளி, மேலே சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே உடை. குழிக்குள் இறங்கியவர்களில் யார் மேலே ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கோழிகளுக்கு நடுவே அந்த வெள்ளை உடை கிடந்தது. உள்ளே அய்யாக்குட்டி. கூலிக்கு வந்தவர்களில் ஒருவர். கேரளாவுக்குப் பிழைக்கப் போனவர் வீட்டை மறந்துவிட்டார் என்று அவர் மனைவி ஆறு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பாவம், அந்தப் பெண் குழிக்கரையில் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு கதறினாள்.

அன்று குழியை மூடிய ஜேசிபி டிரைவர் ஜெபகனியையும் போலீஸ் கூட்டி வந்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. அவராகவே சொன்னார்.

“எல்லாம் அடங்கிட்டு மேடம். ஒரு இடத்துல மட்டும் சுண்ணாம்பு அசைஞ்சிக்கிட்டே கிடந்துச்சு. கோழிக் கூட்டம்னுதான் நெனச்சேன். அது அடங்குற வரைக்கும் ஜேசிபி பக்கெட்ட வச்சு அமுக்கினேன்.”