அழுத்தாத பட்டன்

திருமுக்கூடலுக்குக் கீழே, பாலாற்றங்கரையில் இருந்த பம்ப் ஹவுஸில் ஆறு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். ஆற்று மணலில் இறக்கிய பெரிய கிணறு, ஓரமாகத் தகரக் கொட்டகை, உள்ளே பக்கம் பக்கமாக இரண்டு மோட்டார் பம்புகள். இரண்டும் ஒரே குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளும். ஒன்று மட்டும் ஓடினால் மேல்மடை நிலங்களோடு சரி. கடைமடைக்குத் தண்ணீர் எட்ட இரண்டும் ஓட வேண்டும்.

என்னோடு வேலை பார்த்தவர் பழையசீவரத்துக்காரர். நான்கைந்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இந்த வேலை கிடைக்கும்வரை இருவருமே அந்த நிலங்களில் கூலிக்கு இறங்கியவர்கள்தான். காக்கிச் சட்டை வந்தபின் எங்கள் தெருவில் எங்களுக்கு ஒரு மதிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக்கூட அவர் அதையே போட்டுக்கொண்டு போவார்.

கதவோரச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் இரண்டு ஸ்டார்ட்டர் பெட்டிகள். பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் காந்தம் ஓர் இரும்புத் தகட்டைத் தடாலென்று இழுத்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். சிவப்புப் பட்டனை அழுத்தினாலோ கரண்ட் போனாலோ ஒழியக் காந்தம் தகட்டை விடாது.

ஒருநாள் முதல் நம்பரை அழுத்தினேன். இரண்டும் ஓடின.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வருவார். "மோட்டாருக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு? நீ ரெண்டையும் அழுத்தியிருப்பே" என்றார்.

அப்புறம் இன்னும் இரண்டு தடவை அப்படி ஆயிற்று. இரண்டாம் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, அண்ணனை முதல் நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டு நிறுத்தச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஏழெட்டுத் தடவை ஒன்றும் இல்லை. அதற்கடுத்த தடவை, முதல் பெட்டியின் தகடு அடித்த அடியில் பலகையே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் இரண்டாம் பெட்டியின் தகடு துள்ளியது. அதைப் பிடித்து வைத்திருந்த ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. துள்ளிய தகடு ஒரு நொடி தொட்டதும் காந்தம் கவ்விக்கொண்டது. எவரும் அழுத்தாமலே மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"அடப்பாவி, பக்கத்து வூட்டுச் சண்டையில இவன் எழுந்து ஓடிக்கினு கீறான்" என்று அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெயின் சுவிட்ச். அதை இறக்கினால் இரண்டும் நிற்கும். நின்றால் வாய்க்காலோரம் மண்வெட்டியோடு நிற்பவர்கள் கத்த ஆரம்பிப்பார்கள். அதனால் ஒன்றில் ரிப்பேர் இருந்தால் மற்றதை ஓடவிட்டே பார்ப்போம். இரண்டாம் பெட்டியைத் தனிப் பலகையில் மாட்ட வேண்டும், புது ஸ்பிரிங் வேண்டும், பம்புக்கொரு மெயின் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. கடைசியில் ஒரு மூங்கில் சிம்பைச் சீவி, ரிப்பேர் பார்க்கும்போதெல்லாம் இரண்டாம் தகடு துள்ளாதபடி இடுக்கில் செருகி வைத்தேன். அது நன்றாகவே வேலை செய்தது.

அடுத்த முறை வந்த சூப்பர்வைசர் பெட்டியைத் திறந்தார். "மெஷினுக்குள்ள குச்சி சொருகி வச்சிருக்கீங்களா? மேலே இருந்து யாராவது வந்து பார்த்தா என் வேலை போயிடும்" என்று பிடுங்கி ஆற்றில் எறிந்தார். இனி பெட்டியைத் தொடக் கூடாது என்று மூடிக்குப் பூட்டும் போட்டுவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து இரண்டாம் பம்பில் தண்ணீர் கசிந்தது. முதல் நம்பர் ஓடிக்கொண்டிருக்க, அண்ணன் உட்கார்ந்து, கசிவைத் தடுக்கச் சுழலும் தண்டைச் சுற்றியிருந்த பழைய கயிற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கரண்ட் ஒரு நிமிடம் போய்த் திரும்ப வந்தது. முதல் நம்பர் நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்தில் மேல்மடைக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாடா, தூங்கிக்கினு கீறீங்களா? பயிரு கருகுது. போடுறா!"

"அண்ணே, கைய எடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன், போடு."

அழுத்தினேன். இரண்டும் ஓடின. கையை எடுத்தவர், கீழே விழுந்த கயிற்றுத் துண்டை எடுக்க மறுபடி நீட்டியிருக்கிறார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டு அவர் வலது கையை உள்ளே இழுத்தது. நான் ஓடி மெயினை இறக்கினேன். மேல்மடைக்காரர்தான் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு ஓட்டினார். மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். "பட்டனை மாத்தி அழுத்திட்டேன்னு நீ எழுதினா உன் வேலை போகும். மெயினை இறக்காம அவனே கையை விட்டான்னு எழுதினா உனக்கு ஒண்ணுமில்லை" என்றார்.

"ரெண்டுமே இல்லீங்க. தகடு துள்ளிச்சு."

"அப்படி எழுத இதுல இடமில்லை."

"அவருக்கு இன்னாங்க ஆவும்?"

"இனிமே அவனால எப்படியும் இந்த வேலை செய்ய முடியாதே."

கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பூட்டை உடைத்தேன். இரண்டாம் பெட்டியைக் கழற்றி எதிர்ச் சுவரில் தனியாக மாட்டினேன். பழைய மோட்டாரில் கிடந்த ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்துப் போட்டேன். காலை நாஷ்டா நேரத்துக்குத் தொடங்கி உச்சிப் பொழுதுக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் இருந்தவரை அது ஒரு தடவையும் தானாக ஓடவில்லை.

பெட்டியை மாற்றியதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான், "இம்மாஞ் சின்ன வேலையா? முன்னாலயே பண்றதுக்கு இன்னா?" என்றார்.

பம்ப் ஹவுஸில் வாச்மேன் வேலையாவது வேண்டும் என்று அவருக்காக நானே மனு எழுதினேன். நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம்தான் கொண்டுவந்தார். விபத்து ஊழியரின் சொந்த அலட்சியத்தால் நேர்ந்தது என்று உடன் பணியாற்றியவர் எழுத்து மூலம் உறுதி செய்திருப்பதால் மனு தள்ளுபடி என்று இருந்தது. "உடன் பணியாற்றியவர்" என்பதை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன்.

"எம்மேல தப்புன்னு யாரு சொன்னாங்களாம்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் போடலண்ணே."

கடிதத்தை இடது கையால் வாங்கி, மடிக்க முடியாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் அப்புறம் வரவில்லை. மேல்மடைக்காரரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவதை வாய்க்கால் கரையில் தூரத்திலிருந்து சில தடவை பார்த்தேன். எந்தத் தடவையும் நான் கூப்பிடவில்லை.