கடிதத்தில் முகம் தெரியாதாம்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு நான் வேன் ஓட்டுகிறேன். காலையில் சுற்றுப்பட்டு ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் இறக்க வேண்டும், சாயந்திரம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் என் சொந்த ஆம்னி காரில் வாடகை சவாரி போவேன். பாதி சவாரி வேலூர் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் இருக்கும்.

என் வேன் நிற்கும் இடங்களில் ஒன்று இலங்கை அகதிகள் முகாம். இப்போது மறுவாழ்வு முகாம் என்று போர்டு மாற்றியிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அது அங்கே இருந்தது. கொஞ்ச நாளைக்குத்தான், சண்டை நின்றதும் போய்விடுவார்கள் என்று அப்போது பெரியவர்கள் சொன்னார்கள். எனக்குக் கல்யாணமாகி, என் மகள் காலேஜுக்கும் போய்விட்டாள். அந்தக் கொஞ்ச நாள் மட்டும் இன்னும் முடியவில்லை.

முகாமில் என் வேனில் ஏறுகிறவர்களில் ஒரு பெண் இருக்கிறாள். கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலை. அவள் பிறந்ததே முகாமில்தான். பேச்சைக் கேட்டால் ஆம்பூர்ப் பெண் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. "இன்னாண்ணா, இன்னிக்கி லேட்டு?" என்று என்னை அதட்டிக்கொண்டுதான் படியில் கால் வைப்பாள். அவளைப் பெற்ற அம்மாதான் இன்னும் அந்த ஊர்த் தமிழ் பேசுகிறவர்.

இவளை வயிற்றில் சுமந்துகொண்டு படகில் வந்து இறங்கியவர் அந்த அம்மா. நடுவில் சண்டை ஓய்ந்த மாதிரி இருந்த சமயத்தில், வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் கணவர் திரும்பிப் போனார். போனவர் போனவர்தான். பிற்பாடு அந்தப் பக்கம் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர், வீடு இருந்த இடத்தில் ராணுவத்தின் முள்கம்பி வேலி இருக்கிறது என்று சொன்னாராம். காணாமல் போனவர்களைப் பற்றி வாய் திறந்து கேட்டால், யார் யாரோ வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள் என்றும் சொன்னாராம். இதற்குமேல் அந்த அம்மா எந்த ஊருக்குத் திரும்பிப் போவார்?

அந்த ஆடி மாதம் அவருக்கு வயிற்றில் கட்டி என்று வேலூரில் ஆபரேஷன் நடந்தது. நான்தான் ஆம்னியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தையல் பிரிக்கும்வரை அசையக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து முகாமில் 'செக்கிங்' வந்து நின்றது.

செக்கிங் என்றால் என்ன என்று வெளியில் இருக்கிற நமக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை பாதிதான் தெரியும். மாதம் தவறாமல் ஒரு அதிகாரி முகாமுக்கு வருவார். மரத்தடியில் மேஜை போடுவார்கள். ஒவ்வொருவரும் வரிசையில் நின்று தன் முகத்தைக் காட்ட வேண்டும். வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். உதவித்தொகை நின்றுபோவதுகூடப் பெரிதில்லை. இந்த மண்ணில் இருக்க அவர்களுக்கு உள்ள ஒரே அனுமதி அந்தப் பெயர்தான். அது போனால் அந்த அம்மா இந்த ஊரிலும் இல்லாதவர், அந்த ஊரிலும் இல்லாதவர். திரும்பச் சேர்க்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டே இருப்பவர்கள் முகாமில் இருக்கிறார்கள்.

"இதுக்குப் போயி ஏன்மா பயப்படுறே? ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிக் குடுத்தா முடிஞ்சிது," என்றேன் நான், அந்தப் பெண்ணிடம். என் கம்பெனியில் ஒரு பெண் காய்ச்சலில் படுத்தால், பக்கத்து வீட்டுக்காரி வேனில் ஏறும்போது "அவ இன்னிக்கி வர்ல" என்று சொன்னால் போதும், சூப்பர்வைசர் லீவு போட்டுக்கொள்வார். உலகம் அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். நோயாளி வார்டில் இருக்கிறார், நகரக் கூடாது என்று கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து. செக்கிங்குக்கு முந்தின நாள் அந்த அம்மாவின் மகளையும் கூட்டிக்கொண்டு நானே அந்த அதிகாரியின் ஆபீஸுக்குப் போனேன். காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் உள்ளே விட்டார்கள். கடிதத்தை வாங்கினார், மடிப்பைக்கூடப் பிரிக்காமல் காலடியில் இருந்த தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆளு வரணும்பா. முகத்தப் பாத்துதான் டிக் போடணும். லெட்டர்ல முகம் தெரியுமா?" என்றார்.

"சார், வயித்தக் கிழிச்சித் தெச்சிருக்காங்க சார். எப்படி வருவாங்க?"

"அது அவங்க பாடு. இது டெம்பரரியா தங்க விட்ருக்குற ஏற்பாடு. ரூல்ஸ் ஜாஸ்தியாத்தான் இருக்கும். கஷ்டமா இருந்தா ஊருக்குப் போக வேண்டியதுதானே, அங்கதான் இப்ப சண்டை இல்லியே."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இந்தப் பெண் பிறந்ததிலிருந்து டெம்பரரி. ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. இவள் தைத்த ஷூ கப்பல் ஏறிப் பல நாட்டுக்குப் போகிறது, இவள் வெளியூர் போய் ராத்திரி தங்க அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கேட்க வாயைத் திறந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"வேணாண்ணா. நீங்க கத்திட்டுப் போய்டுவீங்க. அடுத்த மாசமும் அவரு முன்னாடி நாங்கதான் நிக்கணும்," என்றாள். நான் போய் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை வார்டில் டாக்டரம்மா சத்தம் போட்டார். பிறகு விஷயம் புரிந்து, அவரே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். சொந்தப் பொறுப்பில் போய்வருகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மருந்து ஏற்றும் ஊசியைக் கையில் அப்படியே வைத்து பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். ஆம்னியின் பின் சீட்டில் தலையணைகளை அடுக்கி அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்தோம்.

வேலூரிலிருந்து ஆம்பூர் வரும் சாலை எத்தனை நல்ல சாலை என்று நான் பல பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் பின்னாலிருந்து பல்லைக் கடிக்கும் சத்தம் வரும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டிகள் நின்றன. "தம்பி, மெதுவா விடுங்கோ, நேரம் கிடக்கு," என்றார் அம்மா. நேரம் கிடக்கவில்லை. நான் அவசரப்படக் கூடாது என்பதற்காக அவர் சொன்ன பொய் அது.

முகாமில் வரிசை மரத்தடியைத் தாண்டி நின்றது. அம்மாவைப் பார்த்ததும் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். மேஜை பக்கத்திலிருந்த உதவியாளர், "வரிசையில வாங்க," என்று சொன்னபோது வரிசையே "அவ போகட்டும்" என்றது. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் நான். அம்மா அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மேஜை முன்னால் போய் நின்றார். உதவியாளர் பெயரை வாசித்தார். "இருக்கேன்," என்றார் அம்மா.

அந்த அதிகாரி டிக் போட்டார், போனில் எதையோ பார்த்துக்கொண்டே. தலையை நிமிர்த்தவில்லை. "அடுத்து," என்றார்.

இதற்கா? இத்தனை மேடு பள்ளம் தாண்டி, தையலோடு ஒரு மனுஷியைத் தூக்கிக்கொண்டு வந்தது இந்த ஒரு கோட்டுக்கா? எனக்கு அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. மகள் மறுபடியும் என் கையைப் பிடித்தாள்.

அம்மா மட்டும் நகரவில்லை. "அடுத்து, அடுத்து," என்றார் அதிகாரி. அடுத்து நின்ற பெரியவரும் முன்னால் வரவில்லை. அவருக்குப் பின்னால் ஒருத்தரும் அசையவில்லை.

"ஐயா," என்றார் அம்மா. குரல் உயரவே இல்லை. "முகம் பாக்கோணும் எண்டு சொன்னனீங்களாம். அதுக்குத்தான் வந்தனான். ஒருக்கா நிமிந்து பாருங்கோ."

அவர் நிமிர்ந்தார். அப்போதுதான் பார்த்தார். வெளுத்துப்போன முகத்தை, ஊசி செருகியிருந்த வீங்கின கையை, சேலையில் லேசாகப் படர்ந்திருந்த ஈரத்தை. போனைக் கீழே வைத்தார். பிறகு சொன்னாரே ஒரு வார்த்தை:

"ஆஸ்பத்திரிலேர்ந்தா வர்றீங்க? முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

முந்தின நாள் நான் கொடுத்த கடிதம் அவர் காலடியில் திறந்து கிடந்த அதே பையில்தான் தெரிந்தது. மடிப்புக்கூடப் பிரிக்காமல்.

அம்மாவுக்குத் தையல் கசிந்து, ஆஸ்பத்திரியில் நினைத்ததைவிட அதிக நாள் படுக்க வேண்டியதாயிற்று. பிழைத்து எழுந்துவிட்டார். அடுத்த மாத செக்கிங்குக்கு நடந்தே போனாராம். "பேர் கிடக்கு, தம்பி," என்று என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும், "பாவம்பா, என்ன செய்றது, ரூல்ஸ்" என்று உச்சுக் கொட்டுகிறார்கள். அவர்களிடம் நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான். ஓடிவந்தவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தோம் என்று நாம் மார் தட்டிக்கொள்கிறோம், சரி. ஆனால் அடைக்கலம் கொடுத்த பிறகு அவர்கள் முகத்தை நாம் ஒருமுறையாவது பார்த்திருக்கிறோமா, இல்லை, இத்தனை வருஷமும் குனிந்தபடியே டிக் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறோமா?