பள்ளிக்கூடச் சண்டையை எண்ணுகிறவர்களைத் தேடிக் களமசேரிக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மகள் செல்வியோடு களமசேரி போனேன். எட்டாம் வகுப்புக்காரி ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக்கிடந்தாள். யார் அடித்தது என்று கேட்டால் யாருமில்லை என்பாள். திங்கட்கிழமைக்குள் வழிக்கு வராவிட்டால் பள்ளியை மாற்றிவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மட்டாஞ்சேரியில் என் இட்லிக் கடைக்கு வரும் அனிதா, களமசேரிப் பல்கலைக்கழகத்தில் பள்ளிக்கூட வன்முறையை ஆராய்கிறவர். பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம், வாருங்கள் என்றார். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேறு சாக்கு ஏது?

காலை எட்டு மணிக்குத் தனியார் பஸ். பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். வெலிங்டன் தீவு வரை காற்று, பிறகு புகை. கண்டக்டர் தெரிந்தவர். தமிழர்களை இங்கே பாண்டி என்று கேலியாகச் சொல்வார்கள். "பாண்டிச்சேச்சி, இன்னு கடை இல்லே?" என்றார். இன்றைக்கு உன் வண்டியில் நானே வேகிறேன் சேட்டா என்றேன். பஸ்ஸே சிரித்தது. செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்திருப்போம். அனிதா மலையாளத்தில் நிதானமாகப் பேசினார். முன்பெல்லாம் ஆராய்ந்தவர்கள் அடிதடியையும் காயத்தையும்தான் எண்ணினார்களாம். பிறகு பெயர் எழுதாமல் பிள்ளைகளையே கேட்டபோது வேறு கதைகள் வந்தன: பட்டப்பெயர், கூட்டத்தில் சேர்க்காமல் விடுவது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்றும் கேட்கத் தொடங்கினார்கள். பெரியவர்கள் கண் படாத வராந்தாவும் இடைவேளையும் அப்படித்தான் தெரியவந்தன.

எண்ணி எண்ணிச் சண்டையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். "இல்ல சேச்சி. நம்ம கேள்வி சரியில்லேன்னா, குட்டி ஒண்ணுமில்லேன்னுதான் சொல்லும்."

வெளியே ஒரு கடையில் சாயாவும் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும், இரண்டு பேருக்கும் நூற்றிருபது ரூபாய். கப்பையைப் பிட்டுக்கொண்டே செல்வி பேசினாள்.

"யாரும் அடிக்கலம்மா. மத்தியானம் எல்லாரும் வட்டமா இருந்து கறி மாத்திப்பாங்க. நான் போனா, பாண்டி வருதுன்னு எந்திரிச்சிடுவாங்க."

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அந்தப் பேரக் கேட்டா நீ சிரிக்கிறியே. பின்னே எப்படிச் சொல்ல?"

என் பங்குக் கப்பையையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

திரும்பும்போது மெட்ரோவில் நகரத்துக்கு வந்து படகு பிடித்தோம். செலவு கூடுதல், உடம்பு நோகாது. படகில் அவளே முடிவு சொன்னாள்: பள்ளி மாற வேண்டாம், டீச்சரிடம் நான் பேசும்போது அவளும் கூட இருப்பாள்.

களமசேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஏழு மணிக்கே ஏறிவிடுங்கள், நெரிசல் குறைவு. பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் யார் அடித்தது என்று மட்டும் கேட்காதீர்கள். மத்தியானம் யாரோடு சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள்.

திங்கட்கிழமை டீச்சரிடம் இடத்தையும் நேரத்தையும் சொன்னோம். இப்போது அவரும் அந்த வகுப்பிலேயே சாப்பிடுகிறார். செல்வி பள்ளிக்குப் போகிறாள். இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டிருக்கிறார்களாம். மற்றவர்கள் இன்னும் எழுந்துதான் போகிறார்கள்.