மேகக் கப்பலை நந்திதுர்க்கில் இறக்கிய கதை

இணையத்தில் நான் எழுதும் கதைகளுக்குக் கீழே மாதத்துக்கு ஒருவராவது வந்து, இவர்களெல்லாம் வேறு யாரோ படைத்த பாத்திரங்கள் ஆயிற்றே, நீங்கள் எடுத்து எழுதுவது திருட்டு இல்லையா என்று கேட்டுவிட்டுப் போவார். நான் பதில் எழுதுவதில்லை. அந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு வயதிலேயே, ஏழாம் வகுப்பு வாசலில் மூன்று நாள் நின்று பதில் சொல்லியாகிவிட்டது. அன்று சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இன்றுவரை திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

இதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று ஒரு பெயர் உண்டு என்பதோ, உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதோ அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு கதையில் இருப்பவர்களை இன்னொரு கதைக்குள் கொண்டுபோய் விடலாம் என்பதை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும் அத்தை மகளும்.

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் அந்தப் பக்கம் அத்தை எண்ணுவாள். அத்தை மகளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. ஆனால் ஆசைப்பட்ட உலகங்கள் வேறு வேறு.

என்னுடையது டிவியில் தமிழ் பேசி வந்த ஒரு கார்ட்டூன். அதில் மேகங்களின் மேல் கப்பல் ஓடும். எல்லாம் வெளிச்சம், எல்லார் முகத்திலும் சிரிப்பு. மீசைக்காரக் கேப்டன் ஒருவன் உண்டு. எத்தனை பேர் ஏறினார்களோ அத்தனை பேரையும் இறக்கிவிடாமல் அவன் நங்கூரம் போடமாட்டான். யாராவது மேகத்திலிருந்து தவறி விழுந்தால் அந்த அரை மணி நேரத்துக்குள்ளேயே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

அவளுடையது இங்கிலீஷ் புத்தகம். கீழுலகம் என்று நாங்கள் தமிழில் பேர் வைத்துக்கொண்டோம். அங்கே சூரியன் கிடையாது. ஒரு கல் கதவு, அதன் முன்னால் ஒரு காவல்காரி. உள்ளே போகிறவர்கள் தங்கள் பெயரை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். பெயரைக் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வர வழி தெரியாது. அந்தப் புத்தகங்களில் மூன்றை மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், பெங்களூர் நடைபாதைக் கடையிலிருந்து வாங்கிவந்து கொடுத்திருந்தார். மாமாவும் அப்பாவும் விடிவதற்கு முன் கிளம்பும் அதே ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். பிறகு மாமா வாரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தார். அப்புறம் தீபாவளிக்கு வந்தார். நான் சொல்லும் வருடத்தில் அதுவும் இல்லை. கேட்டால் அம்மா, வேலை ஜாஸ்தி, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டார் என்பாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். எங்கள் லைனில் பாதி ஆண்களை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் முழுதாகப் பார்ப்போம்.

இரண்டு உலகத்தையும் சேர்க்கலாம் என்ற யோசனை யாருடையது என்பதில் இன்றும் எங்களுக்குள் வழக்கு உண்டு. ஒரு நீள நோட்டு எடுத்தோம். கதையை எழுதுவதற்கு முன் திட்டம் போடவேண்டும் என்பது அவள் கட்டளை. யார் யாரைச் சந்திக்கவேண்டும், யாருக்கு யார் பேசுவது புரியும், மேகத்தில் பிறந்தவனுக்கு இருட்டில் கண் தெரியுமா என்று பக்கம் பக்கமாகத் திட்டம். கார்ட்டூன்காரர்கள் எதற்கெடுத்தாலும் பாடுவார்கள். கீழுலகத்தில் சத்தம் போட்டால் பாறை விழும். ஆகவே கேப்டனின் ஆட்கள் கிசுகிசுப்பாகப் பாடவேண்டும் என்று ஒரு முழு மாலை பேசி முடிவு செய்தோம்.

பெரிய சிக்கல், கப்பல் எப்படிக் கீழே இறங்கும் என்பது. நான் பூமி பிளக்கட்டும் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"சும்னே பூமி பொளந்துச்சுன்னா யாருடி நம்புவாங்க? நந்திதுர்க்ல ஷாஃப்ட் கீதே, அது வழியா எறக்கு."

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தை நாங்கள் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். ஆனால் சுரங்கக் குழிக்கு ஷாஃப்ட், அதன் அடுக்குகளுக்கு லெவல், ஆளை இறக்கும் கூண்டுக்குக் கேஜ் என்ற வார்த்தைகள் மட்டும் எங்கள் வீடுகளை விட்டுப் போகவில்லை. குறும்பு செய்தால் கேஜில் போட்டு இறக்கிவிடுவேன் என்றுதான் அம்மாக்கள் மிரட்டுவார்கள். ஷாஃப்டின் வாய் கப்பலுக்குப் போதாது என்று அவளே கணக்குப் போட்டு, கப்பலை ஷாஃப்டின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரத்தில் கயிறு கட்டி நிறுத்திவிட்டு, கேப்டன் மட்டும் கேஜில் இறங்குவான், கடைசி லெவலுக்கும் கீழே கல் கதவு இருக்கும் என்று எழுதினாள். சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது அந்தக் கோபுரத்தின் உச்சியில் வெள்ளையாக ஒரு மேகம் நின்றால் போதும், நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

இதுவரை ஒத்துப்போனவள் ஒரே இடத்தில் நின்றுவிட்டாள். கேப்டன் காவல்காரியிடம் பெயரைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறான். திரும்பி வருவானா?

வருவான் என்றேன் நான். அவன் வராத கதை கிடையாது. வரமாட்டான் என்றாள் அவள். கதவுக்கு அந்தப் பக்கம் போனவன் வருவது புத்தகத்திலேயே இல்லை.

"ரெண்டு ஒலகத்தையும் கலக்கறோம் இல்ல? அப்ப என் ஒலகத்து சட்டமும் கொஞ்சம் நடக்கட்டும்" என்றேன்.

"எதுல வேணா நடக்கட்டும். இதுல வேணாம்."

"ஏன்?"

"போனவங்க வரமாட்டாங்க. அவ்ளோதான்."

இரண்டு வாரம் இப்படியே இழுத்தது. அவள் பிடிவாதம் எனக்குப் புதிது. அவளை மடக்க ஒரே வழி, கேப்டன் திரும்பி வருவதை அவளே ஆசைப்படும்படி எழுதிக் காட்டுவது என்று தீர்மானித்தேன். நோட்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு சனிக்கிழமை, கடைசிப் பக்கத்தை அவளுக்குத் தெரியாமல் எழுதினேன். கேப்டன் காவல்காரியை ஏமாற்றிப் பெயரை மீட்டுக்கொண்டு, ஷாஃப்ட் வழியாக வராமல், சாயங்கால ரயிலில் ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறான். அவன் தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. கையில் நாலாவது புத்தகம். லைன் திரும்பும் இடத்திலேயே விசில் அடிக்கிறான். விசில் கேட்டு அவன் மகள் வெளியே ஓடி வருகிறாள்.

துண்டும் விசிலும் மாமாவுடையவை. அதை மறைக்க நான் முயலவும் இல்லை. இதைவிடப் பெரிய பரிசு அவளுக்கு யார் கொடுத்துவிட முடியும் என்ற பெருமையோடு திங்கட்கிழமை நோட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன்.

அவளிடம் கொடுப்பதற்குள் கணக்கு மிஸ் பிடித்துவிட்டார். கெட்டவர் இல்லை அவர். பின்னக் கணக்கு நடக்கும்போது மடியில் நோட்டு வைத்துப் புரட்டினால் யாருக்கும் கோபம் வரும். வாங்கிப் பார்த்தார், சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். வகுப்பு சிரித்தது. கிசுகிசுப்பாகப் பாடும் இடத்தில் மிஸ்ஸே சிரித்துவிட்டார். பிறகு, இந்தக் கேப்டன் டிவியில் வருகிறவன்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். கீழுலகம்? புத்தகத்தில் இருப்பது என்றேன். அப்படியானால் இது திருட்டு, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள் என்றார்.

மிஸ் கையில் இருந்த நோட்டைக் காட்டிச் சொன்னேன். "மொதல் பக்கத்துலயே எழுதியிருக்கோம் மிஸ். கேப்டன் டிவிலருந்து, கதவு புத்தகத்துலருந்து, கேஜ் நம்ம ஊருதுன்னு. திருடறவங்க இப்டி எழுதி வெச்சிட்டா திருடுவாங்க?"

சிரிப்பு நின்றது. மன்னிப்புக் கேட்கிறாயா இல்லையா என்றார் மிஸ். முடியாது என்றேன். அவர் என்னைப் பார்த்தபடியே பக்கங்களைத் தள்ளி, கடைசிப் பக்கத்துக்குப் போய் அதையும் படித்தார். ஊரிகம் ஸ்டேஷன் வந்தது. சிவப்புக் கட்டத் துண்டு வந்தது. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அத்தனை நேரம் சிரித்தவர்கள் குனிந்துகொண்டார்கள். என் எழுத்து வேலை செய்கிறது என்று நான் நிமிர்ந்துகொண்டேன்.

விசில் வருவதற்கு முந்தைய வரியில் அத்தை மகள் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்தாள். நேராக நடந்து போனாள். மிஸ் கையிலிருந்த நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து, சின்னச் சின்னதாகக் கிழித்து, ஜன்னலுக்கு வெளியே போட்டாள். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மிஸ் நோட்டை எடுத்து மூடினார். அப்புறம் என்னைப் பார்த்து, பார், அவளுக்குத் தப்பு புரிந்திருக்கிறது என்றார். அவள் மறுக்கவில்லை.

நான் வெளியே போய் நின்றேன். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும். மன்னிப்புக் கேட்டால் உள்ளே வரலாம் என்று ஒவ்வொரு பீரியடிலும் சொல்லி அனுப்பினார்கள். கால் வலித்தபோது ஒரு காலில் நின்றேன். உள்ளே அவள் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பயந்து காலில் விழுந்தவள் என்று அவளை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

நாலாம் நாள் அப்பா ரயிலை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். ஒரு நாள் லீவு எடுப்பதற்கு அவர் எவ்வளவு யோசிப்பார் என்று தெரியும். அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் வராந்தாவில் நின்று நோட்டை முதலிலிருந்து படித்தார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். பிறகு மிஸ்ஸிடம் கை கட்டிக்கொண்டே பேசினார்.

"கிளாஸ்ல படிச்சது தப்பு மிஸ், அதுக்கு எத்தினி நாள் வேணா நிக்கட்டும். ஆனா திருட்டுன்னு சொல்றீங்க பாருங்க. எங்க ஊர்ப்பக்கம் கூத்துல ராஜா வேஷக்காரன் நின்னுகினு இருக்கும்போது, கோமாளி உள்ள பூந்து ஊர் மேஸ்திரி மாதிரி பேசுவான். பழைய கதைல மேஸ்திரி ஏது? யாரும் திருட்டுன்னு சொன்னது இல்லிங்க மிஸ்."

மிஸ் நோட்டைக் கையில் வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னக் கணக்கு முழுவதையும் இரண்டு தரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற பேச்சு அதற்கப்புறம் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

கேட் வரைக்கும் அப்பாவோடு நடந்தேன். கடைசிப் பக்கம் இன்னாச்சு என்று கேட்டார். கிழித்துவிட்டாள் என்றேன், வேண்டுமென்றே குரலில் குற்றம் ஏற்றி. அதில் என்ன எழுதியிருந்தாய் என்றார். துண்டு, விசில், ஸ்டேஷன் எல்லாம் பெருமையாகச் சொன்னேன். அப்பா நின்றுவிட்டார். என் தலையில் கை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

"அத்தைகிட்ட இத சொல்லிகினு இருக்காத" என்றார்.

பள்ளியில் நடந்த ரகளை அத்தைக்குத் தெரியவேண்டாம் என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் முழுக்க அவளோடு பேசவில்லை. கதையைத் தனியாக எழுதினேன். ஒரே ஒரு தடவை, குழாயில் தண்ணீர் வந்த ஒரு மாலை, இரண்டு பேர் குடமும் அடுத்தடுத்து நின்றபோது அவளாகப் பேசினாள்.

"கேப்டனக் கூட்டினு வா. உன் இஷ்டம். ஊரிகத்துல மட்டும் எறக்காத."

"எங்க எறக்கறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றேன். குடம் நிரம்பியதும் திரும்பிப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன். சொன்னபடி அவனை ஊரிகத்திலேயே இறக்கினேன். துண்டோடு, விசிலோடு.

மாமா பெங்களூரில் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார், ஒரு குழந்தையும் இருக்கிறது என்று அம்மா எனக்குச் சொன்னது நான் பத்தாவது முடித்த பிறகு. அவர்களைக் கைக்குழந்தையோடு மூன்று பேராகப் பெங்களூர் ஸ்டேஷனில் முதலில் பார்த்தது அப்பா, நோட்டு பிடிபட்டதற்கும் முன்பே. பார்த்தது அவர் மட்டும் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் அதே ரயிலில் போய்வருகிறவர்கள். பார்த்தவர்கள் வீட்டில் பேசியிருக்கிறார்கள், பேசியது பிள்ளைகள் காதில் விழுந்திருக்கிறது. மிஸ் கடைசிப் பக்கத்தைப் படித்தபோது வகுப்பு அத்தனை அமைதியாக இருந்தது அதனால்தான்.

கேப்டனை உருவாக்கியவர்களிடம் நான் அனுமதி கேட்டிருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கவில்லை. காவல்காரியை எழுதியவரிடமும் கேட்கமாட்டேன். கேட்டிருக்கவேண்டிய ஒருத்தி அன்று மூன்றாவது பெஞ்சில், கையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றி அந்த வகுப்பில் ஒன்றும் தெரியாதவள் நான் ஒருத்திதான்.