நான்காவது மாடியின் கடைசிச் சுவர்

இதில் வரும் நேரங்களை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. எல்லாம் என் கைப்பேசியில் பதிவாகியிருக்கின்றன. அழித்துவிடலாம் என்று பலமுறை எடுத்தேன், கை வரவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு நடந்தது இதுதான்.

என் பெயர் மாலிவன். லாவோஸ்காரி. குன்மிங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் சீன மொழியும் பண்பாடும் முதுகலை, இரண்டாம் ஆண்டு. எங்கள் வகுப்பில் பதினோரு நாட்டுக்காரர்கள் இருந்தோம். பேச்சுத் தேர்வில் கோட்டை விட்டது நான் ஒருத்திதான். மறுதேர்வு டிசம்பர் 19. அதிலும் தவறினால் உதவித்தொகை நின்றுவிடும், ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"எழுத்தெல்லாம் ஜோரா இருக்கு. வாயத் தொறந்தாத்தான் சந்தி சிரிக்குது" என்றாள் அறைத்தோழி தின்சார். பர்மாக்காரி. நாக்கில்தான் விஷம், மனதில் இல்லை. "நாளையிலேருந்து போய்ச் சுவத்தப் பாத்துப் படி."

அங்கே பலரும் செய்வதுதான். விடியும் முன் எழுந்து, ஒரு சுவருக்கு அரை அடி தள்ளி நின்று, உரக்கப் படிப்பார்கள். குரல் திரும்பி நம் காதிலேயே விழும். எங்கே ஏற்றம் பிசகியது, எங்கே இறக்கம் பிசகியது என்று தெரிந்துவிடும்.

டிசம்பர் 3, காலை 6:40. பழைய வகுப்புக் கட்டடம், நான்காவது மாடி, நடைவழியின் கடைசிச் சுவர். அந்த மாதத்தில் ஏழரைக்கு மேல்தான் வெளிச்சம் வரும். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

6:52. என் குரல் திரும்பி வந்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக. நான் வாக்கியத்தை முடித்து, மூச்சை இழுத்து விட்ட பிறகு...

காலி நடைவழியில் எதிரொலி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னேன். திரும்பி வந்த குரல் அதைச் சரியாகச் சொன்னது.

இளம் பெண்ணின் குரல். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ படிக்கிறாள், இரக்கப்பட்டுத் திருத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து முறை மாறியது. அவள் முதலில் சொல்வாள். நான் திருப்பிச் சொல்வேன். முதலாண்டிலிருந்தே எங்களை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். காதில் விழுந்ததை அப்படியே சொல்ல வேண்டும். பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்றரை ஆண்டில் அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

முடிக்கும்போது மட்டும், சரியாக 7:10க்கு, அவள் வேறொரு வாக்கியம் சொல்வாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வட்டாரப் பேச்சு. எனக்குப் புரியவில்லை. மூன்று முறை சொல்வாள். நானும் மூன்று முறை சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

டிசம்பர் 13. படியிறங்கியதும் ஏதோ தோன்றி, கட்டடத்தைச் சுற்றிப் போய் அண்ணாந்து பார்த்தேன். நான் படிக்கும் சுவரின் அந்தப் பக்கம்... ஒன்றும் இல்லை. அறை இல்லை, ஜன்னல் இல்லை. நான்கு மாடி உயரத்துக்கும் வெறும் செங்கல்.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள்தான் ஆசிரியை வகுப்பில் எல்லோர் முன்பும் என் உச்சரிப்பைப் பாராட்டியிருந்தார். தேர்வுக்கு ஆறே நாள். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. மறுநாள் 6:40க்கு வெட்கமில்லாமல் அங்கே போய் நின்றேன்.

சுவரில், என் வாய் உயரத்தில், ஒரு ஈரவட்டம். தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

படித்தேன்.

19ஆம் தேதி காலையும் படித்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போனேன். 92 மதிப்பெண். தின்சார் என் வாயைப் பிடித்துத் திறந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். சிரித்தோம்.

மறுநாள் மதியம், விடுதி வாசலில் காவல் பார்க்கும் லுவோ சின்னம்மாவோடு உட்கார்ந்து அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாக ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். என் குரல் மட்டும் கேட்டது. ஒரு வாக்கியம், பிறகு அமைதி. ஒரு வாக்கியம், பிறகு அமைதி. அவள் குரல் எங்கேயும் இல்லை.

கடைசி வாக்கியம் வந்தது. சின்னம்மா குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இது எங்க மலைப்பக்கத்துப் பேச்சாச்சே. யாருகிட்டடி இதச் சொன்ன?"

"பாடம் சின்னம்மா. என்ன அர்த்தம்?"

"'நீ போயிரு. உன் எடத்துல நான் நிக்கிறேன்.'"

பதிவை நிறுத்தினேன்.

"அகாலத்துல செத்ததுங்க சும்மா நகராது" என்றார். "எடத்துக்கு ஒரு ஆளு கெடைக்கணும். எத்தன தடவ சொன்ன?"

கணக்குப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 21. காலை 6:40. படுக்கையில்தான் இருந்தேன். தின்சார் ஏதோ கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

காற்று மட்டும் வந்தது...

7:10க்குக் குரல் திரும்பியது.

மறுநாள் 7:25.

அதற்கடுத்த நாள் 7:50.

தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார் மருத்துவர். ஜனவரி பிறந்தபோது நண்பகல் வரை ஊமை. அம்மாவிடம் பேசுவதை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு நாள் மாலையும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. ராத்திரியெல்லாம் அழுதேன்.

ஜனவரி 8, மாலை 5:15. உணவுக்கூடத்தில் முதலாண்டுப் பெண் ஒருத்தி தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். வாரீ, தாய்லாந்துக்காரி.

"அக்கா, விடிகாலைல நாலாவது மாடில படிக்கிறது நீங்கதானே? நான் உங்களுக்கு நேர் கீழ, மூணாவது மாடில நிப்பேன். உங்க குரல் அப்படியே சுவர் வழியா எறங்கி வரும். நீங்க சொல்லச் சொல்ல நானும் சொல்வேன்."

நான் அந்தச் சுவர் பக்கம் போய் இருபது நாள் ஆகியிருந்தது.

"முடிக்கறப்ப..." என்று இழுத்தேன். "முடிக்கறப்ப என்ன சொல்றேன்?"

அவள் சொன்னாள். ஏற்ற இறக்கம் துளி பிசகாமல், மூன்று முறை.

"இது மட்டும் புரியல. என்னக்கா அர்த்தம்?"

அப்போது எனக்குக் குரல் இருந்தது. போகாதே என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் சோற்றை மென்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியாது" என்றேன்.

மறுநாள் காலை 6:40க்குத் தின்சார் மணி கேட்டாள். சொன்னேன். கணீரென்று வந்தது.

இரண்டு நாளில் விடுமுறை விட்டார்கள், ஊருக்குப் போனேன். மார்ச்சில் திரும்பி வந்தபோது, விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் வாரீ இங்கேயே தங்கிப் படித்தாள் என்றும், பேச்சுத் தேர்வில் அவள்தான் முதல் என்றும் சொன்னார்கள். படிக்கட்டில் எதிரே வந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாயைத் திறக்காமல், பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்.

"லுவோ சின்னம்மாகிட்ட அர்த்தம் கேட்டேன். உங்களுக்கு டிசம்பர்லயே சொல்லிட்டாங்களாமே."